விமானி அறையின் போக்குவரத்துத் திரை: சர்கி தாத்ரி விபத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

வானில் பறக்கும் பெரிய பயணிகள் வானூர்தி ஒவ்வொன்றிலும், அதனைச் சூழ்ந்து பறக்கும் பிற வானூர்திகளைக் காட்டும் திரை ஒன்று இன்று உண்டு. 1996ஆம் ஆண்டு ஹரியானா மாநிலத்தின் சர்கி தாத்ரிக்கு மேலே நிகழ்ந்த மோதலுக்குப் பின் இந்தியா இக்கருவியைக் கட்டாயமாக்கியது. திரை எவ்வாறு செயல்படுகிறது, எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது, திரையை மட்டும் நம்பி விமானி ஏன் விலகக் கூடாது என்னும் வினாக்களை இக்கட்டுரை விளக்குகிறது. இக்கருவியின் இருவகை அறிவிப்புகளையும் தமிழில் எழுதும்போது நேரும் சொற்குழப்பமும் ஈண்டு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வானூர்தி, போக்குவரத்துத் திரை, டிகாஸ், சர்கி தாத்ரி, யூபர்லிங்கன், அறிவியல் தமிழ், கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

அரியலூர் மாவட்டத்துச் செந்துறை, விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் கார்டு லைன் இருப்புப்பாதையில் அமைந்த ஊர். இவ்வட்டாரத்தில் வளர்ந்தோர்க்கு விபத்து என்றதும் நினைவுக்கு வருவது 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலத்தில் நிகழ்ந்ததேயாகும். வெள்ளத்தால் பாலம் சிதைந்திருந்த நிலையில் சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போதைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்நிகழ்வை இன்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம்.

அதே 1956ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேலே இரு பயணிகள் வானூர்திகள் மோதி 128 பேர் இறந்தனர். இரு நிகழ்வுகளுக்கும் ஆண்டு ஒன்றே என்பதைத் தவிர நேரடித் தொடர்பு இல்லை. எனினும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் உண்டு. இருப்புப்பாதையில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதியை ஒரு வேளையில் ஒரு வண்டிக்கே ஒதுக்கும் முறை நெடுங்காலமாக உள்ளது. எதிரே வண்டி வருகிறதா என்று ஓட்டுநர் கண்ணால் தேட வேண்டியதில்லை. கைகாட்டி அதனைச் சொல்லிவிடும். கிராண்ட் கேன்யனின் வானிலோ 'பிறரைப் பார், பிறர் உன்னைப் பார்க்கட்டும்' என்னும் கோட்பாடே அன்று நிலவியது. கண் கைகாட்டியாக இருந்தது. அது போதாது என்று உணர்ந்த பின் பிறந்ததே இக்கட்டுரை பேசும் கருவி.

கண்ணின் எல்லை

கண் ஏன் போதாது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். மணிக்கு 900 கி.மீ. விரைவில் எதிரெதிரே வரும் இரு வானூர்திகள் ஒன்றையொன்று மணிக்கு 1,800 கி.மீ. விரைவில் நெருங்குகின்றன, அதாவது வினாடிக்கு 500 மீட்டர். பிற வானூர்தியைக் கண்டு, அது மோத வருகிறது என உணர்ந்து, முடிவெடுத்து, விசையைத் திருப்பி, வானூர்தி அதற்கு இணங்கித் திரும்பும் வரை 12.5 வினாடி ஆகும் என்று அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகத்தின் அறிவுரைச் சுற்றறிக்கை கணக்கிடுகிறது. அந்நேரத்தில் இரண்டுக்கும் இடையே குறையும் தொலைவு 6.25 கி.மீ. ஆகவே அத்தொலைவிலேயே விமானி எதிர் வானூர்தியைக் கண்டுவிட வேண்டும். போயிங் 747 வானூர்தியின் உடல் சுமார் 6.5 மீட்டர் அகலமுடையது. 6.25 கி.மீ. தொலைவில் அது, ஆறு மீட்டருக்கு அப்பால் சுவரில் ஒட்டிய ஒரு மிளகின் அளவே தோன்றும்.

இதனினும் கொடிய இடர் ஒன்றுண்டு. கண் அசைவை எளிதில் உணரும். அசையாப் பொருளை உணர்வது அரிது. நேர்ப்பாதையில் ஒரே விரைவில் மோதவரும் வானூர்தியோ விமானியின் கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்கும். இடமோ வலமோ நகராது. நகரும் புள்ளி விலகிச் செல்லும் வானூர்தி. நகராத புள்ளியே காலன். கப்பலோட்டிகள் நீண்ட காலமாக அறிந்த இவ்வுண்மை வானில் மேலும் கடுமையாகிறது. புள்ளி மிளகளவாக நெடுநேரம் இருந்து, கடைசிச் சில வினாடிகளில் திடீரெனப் பெருகும். இரவும் மேகமும் சேர்ந்தால் அந்த மிளகும் இல்லை.

சர்கி தாத்ரி, 1996 நவம்பர் 12

அன்று மாலை 6.32 மணிக்குத் தில்லியிலிருந்து சவூதி அரேபிய விமான நிறுவனத்தின் 763ஆம் எண் போயிங் 747 புறப்பட்டது. அதில் 312 பேர் இருந்தனர். வளைகுடா நாட்டு வேலைக்குச் செல்வோர் அவர்களுள் பலர். அதே வேளையில் கஜகஸ்தான் நாட்டின் சிம்கென்ட் நகரிலிருந்து 37 பேருடன் 1907ஆம் எண் இலியூஷின் 76 வானூர்தி தில்லியில் இறங்க வந்துகொண்டிருந்தது. அக்காலத்தில் தில்லிக்கு வருவதற்கும் அங்கிருந்து செல்வதற்கும் ஒரே வான்வழித்தடமே பயணிகள் வானூர்திகளுக்குக் கிடைத்தது. சுற்றியிருந்த வான்பரப்பின் பெரும்பகுதி படைத்துறையின் வசம் இருந்தது. ஆகவே ஏறுவதும் இறங்குவதும் நேர் எதிரெதிரே வந்தன. இரண்டையும் பிரித்து வைத்தது உயரம் மட்டுமே.

கட்டுப்பாட்டாளர் இறங்கும் இலியூஷினுக்கு 15,000 அடியும், ஏறும் போயிங்குக்கு 14,000 அடியும் எல்லையாக வகுத்தார். இடையே 1,000 அடி. ஏறத்தாழ முந்நூறு மீட்டர் வெற்றிடம்தான் இருவருக்கும் இடையிலான சுவர். இலியூஷின் விமானிகளிடம் எதிரே போயிங் வருவதையும், அதன் தொலைவு 14 கடல் மைல் என்பதையும், அதன் உயரத்தையும் கட்டுப்பாட்டாளர் தெரிவித்தார். இலியூஷின் தரப்பிலிருந்து வானொலியில் பேசியவர் விமானி அல்லர். தனி இருக்கையில் அமர்ந்திருந்த வானொலி இயக்குநர். அவருடைய இடத்தில் உயரமானி இல்லை. உயரத்தை அறிய அவர் விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

இலியூஷின் 15,000 அடியில் நிற்கவில்லை. 14,500க்கும், பின்னர் 14,000க்கும் அதற்குக் கீழும் இறங்கியது. தில்லி ரேடாரில் அது தெரியவில்லை. அன்றிருந்தது முதன்மை வகை ரேடார்; தொலைவையும் திசையையும் காட்டும், உயரத்தைக் காட்டாது. உயரத்தை வானொலியில் விமானி சொன்னால்தான் கட்டுப்பாட்டாளர் அறிய முடியும். சொன்ன உயரம் ஒன்று, இருந்த உயரம் வேறு. மோதலுக்குச் சற்று முன்னர்த் தவற்றை உணர்ந்த வானொலி இயக்குநர் மேலே ஏறுமாறு விமானியை அவசரப்படுத்த, வானூர்தி சிறிது ஏறியது. அவ்வாறு ஏறாதிருந்தால் இலியூஷின் போயிங்கின் அடியில் கடந்து போயிருக்கக்கூடும் என்பது ஒலிப்பதிவும் பறத்தல் பதிவும் காட்டும் கசப்பான செய்தி. இலியூஷினின் வால்பகுதி போயிங்கின் இடச் சிறகை அறுத்தது. மாலை 6.40 மணியளவில் இரண்டும் வீழ்ந்தன. 349 பேருள் ஒருவரும் பிழைக்கவில்லை. அவ்வழியே வந்த அமெரிக்க விமானப்படை வானூர்தியின் விமானி, மேகத்தினூடே பெரும் தீயொளியைக் கண்டு கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்தார்.

நீதிபதி ரமேஷ் சந்திர லகோதி தலைமையிலான விசாரணை, இலியூஷின் தனக்கு வகுக்கப்பட்ட உயரத்தை மீறி இறங்கியதே காரணம் எனக் கண்டது. ஆங்கிலத்தில் கூறப்பட்டதை அக்குழுவினர் சரிவரப் புரிந்துகொள்ளாமையும், குழுவுக்குள் ஒருங்கிணைப்பின்மையும் உடன்காரணங்களாகச் சுட்டப்பட்டன. மொழி ஆய்வாளர் கூர்ந்து நோக்கத்தக்க இடம் இது. வானொலியில் கேட்ட சொற்றொடர் ஒன்றில் 140, 150 என்னும் இரு எண்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று தனக்குரியது, மற்றொன்று எதிரில் வருவோர்க்குரியது. எது யாருக்கு என்பதை வேற்றுமொழியில், இரைச்சலுக்கிடையில், தன் முன் உயரமானி இல்லாத ஒருவர் பிரித்தறிய வேண்டியிருந்தது.

அவ்விரு வானூர்திகளிலும் மோதல் தவிர்ப்புக் கருவி இல்லை. இருந்திருந்தால் இலியூஷினின் திரையில், வானூர்திகளுக்கு இடையிலான உயர வேறுபாட்டைக் காட்டும் எண் −10 என்ற அளவிலேயே நின்றிருக்க வேண்டும். அது −05 ஆகி, 00 ஆகச் சுருங்குவதை எந்த மொழியும் அறியாதவரும் கண்டிருப்பர். எண்ணுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

தில்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனித் தடங்கள், உயரத்தையும் அடையாளத்தையும் காட்டும் இரண்டாம்நிலை ரேடார், வானூர்திகளில் மோதல் தவிர்ப்புக் கருவி ஆகியவை விபத்துக்குப் பின் நடைமுறைக்கு வந்தன. இந்திய வான்பரப்பில் பறக்கும் வானூர்திகளுக்கு இக்கருவியைக் கட்டாயமாக்கியதில் இந்தியா உலகின் பல நாடுகளுக்கு முன்னோடியாயிற்று. பன்னாட்டுச் சிவில் வான்போக்குவரத்து அமைப்பின் உலகளாவிய விதி, முப்பதுக்கும் மேற்பட்ட பயணியரை ஏற்றும் வானூர்திகளுக்கு 2003 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது.

திரை எவ்வாறு அறிகிறது

டிகாஸ் எனப்படும் இக்கருவி தரையில் உள்ள எதனையும் நம்பியிருப்பதில்லை என்பதே அதன் சிறப்பு. அது 1030 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சுற்றுப்புற வானை நோக்கி வினா எழுப்புகிறது. பிற வானூர்தியில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்னும் மறுமொழிக் கருவி 1090 மெகாஹெர்ட்ஸில் விடை தருகிறது. வினா சென்று விடை வந்த நேரத்தைக் கொண்டு தொலைவு கணக்கிடப்படும். கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலி வரும் நேரத்தால் ஆழத்தை அளப்பது போன்றது இது. அலை ஒளியின் விரைவில் செல்கிறது என்பதே வேறுபாடு. உயரத்தை விடையே எண்ணாகச் சொல்லிவிடும். திசையை மட்டும், வானூர்தியின் முதுகில் பொருத்திய திசையுணர் ஆண்டெனா, விடை வந்த பக்கத்தைக் கொண்டு மதிப்பிடுகிறது. இந்த 'மதிப்பிடுகிறது' என்னும் சொல்லைப் படிப்போர் நினைவில் இருத்துக, பின்னர்த் தேவைப்படும்.

இவ்வாறு அறிந்தவை விமானியின் முன் வரைபடமாக விரியும். நடுவே அல்லது சற்றுக் கீழே தன் வானூர்தி; சுற்றிலும் பிற. தொலைவில் உள்ளது உள்வெற்றான சாய்சதுரமாகவும், 6 கடல் மைலுக்குள்ளும் 1,200 அடி உயர வேறுபாட்டுக்குள்ளும் வந்தது நிரப்பிய சாய்சதுரமாகவும், எச்சரிக்கைக்குரியது மஞ்சள் வட்டமாகவும், உடனே விலக வேண்டியது சிவப்புச் சதுரமாகவும் தோன்றும். ஒவ்வொன்றின் அருகிலும் நூறு அடிக் கணக்கில் உயர வேறுபாடு. மேலே எனில் கூட்டல் குறி, கீழே எனில் கழித்தல் குறி. நிமிடத்துக்கு 500 அடிக்குக் குறையாமல் ஏறினாலோ இறங்கினாலோ ஓர் அம்பு. வண்ணத்தோடு வடிவமும் மாறுவது நிறக்குழப்பத்தைத் தவிர்க்கும் நல்லமைப்பு.

எப்போது எச்சரிப்பது? தொலைவை அளவுகோலாகக் கொண்டால் சிக்கல். ஐந்து கிலோமீட்டர் என்பது மெல்ல நெருங்கும் வானூர்திக்கு நெடுந்தொலைவு. எதிரே வருவதற்குப் பத்தே வினாடி. எனவே தொலைவை நெருங்கும் விரைவால் வகுத்துக் கிடைக்கும் காலத்தையே கருவி அளவுகோலாகக் கொள்கிறது. பெண்டிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மோரல் என்னும் அறிவியலாளர் 1950களின் நடுவில் முன்வைத்த எண்ணம் இது. 'எவ்வளவு தூரம்' என்னும் வினாவை 'எவ்வளவு நேரம்' என மாற்றியதே இக்கருவியின் அறிவுக்கரு எனலாம். நம் ஊர்களில் தொலைவைக் கேட்டால் 'அரைமணி நடை' என்று விடை சொல்வோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். மிக மெல்ல நெருங்கும் வானூர்திக்கு இக்கணக்கு ஏமாற்றும் ஆதலின், குறிப்பிட்ட தொலைவுக்குள் வந்தால் விரைவைப் பாராது எச்சரிக்கும் ஏற்பாடும் உண்டு.

காலத்தின் அளவு உயரத்துக்கேற்ப மாறும். 10,000 அடிக்கும் 20,000 அடிக்கும் இடையே, அதாவது சர்கி தாத்ரி மோதல் நிகழ்ந்த உயரத்தில், முதல் அறிவிப்பு 45 வினாடிக்கு முன்னும் இரண்டாவது 30 வினாடிக்கு முன்னும் எழும். தரைக்கு அருகில் ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே இரண்டாவது அறிவிப்பே எழாது. தரையை நோக்கி இறங்கு என்று கருவி சொல்லிவிடக் கூடாதல்லவா?

காட்டுவதும் ஆணையிடுவதும்

இந்த இரு அறிவிப்புகளின் வேறுபாடே இப்பொருளின் உயிர்நாடி. முதலாவது போக்குவரத்து அறிவிப்பு: 'இதோ ஒருவர் வருகிறார், கண்ணால் தேடுக, ஆயத்தமாகுக' என்பது அதன் பொருள். இரண்டாவது தவிர்ப்பு ஆணை: 'ஏறு' அல்லது 'இறங்கு' என்று குரலாலும், எந்த ஏறுவிகிதத்தில் செல்ல வேண்டும் என்பதை அளவுமானியில் பச்சை, சிவப்புப் பட்டைகளாலும் சொல்வது. முதல் அறிவிப்பை மட்டும் கொண்டு விமானி தன் பாதையை மாற்றக் கூடாது என்பது பன்னாட்டு விதி.

புதியவர்க்கு இது வியப்பளிக்கும். எதிரி திரையில் தெரிகிறான். விலகிச் சென்றால் என்ன? மூன்று காரணங்கள் உள. திசை மதிப்பீடே என்று முன்னர்க் கூறினோம். அதன் பிழை சில பாகைகள் இருக்கலாம். பத்துக் கடல் மைல் தொலைவில் ஐந்து பாகைப் பிழை என்பது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். இடப்புறம் கடக்கவிருந்த வானூர்தி திரையில் வலப்புறம் தோன்றினால், அதனைத் தவிர்க்க இடப்புறம் திரும்புவோர் அதன் மீதே சென்று விழுவர். இதனால்தான் கருவி இடம், வலம் என்று ஒருபோதும் சொல்வதில்லை. துல்லியமாக அறிந்த உயரத்தை மட்டுமே மாற்றச் சொல்கிறது. அடுத்து, திரையின் நடுப்புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கிறது. தன் வானூர்தி திரும்பினால் திரையிலுள்ள அனைத்தும் சுழலும். எதிரி வளைந்து வருவதாகத் தோன்றுவது தான் வளைந்ததன் தோற்றமாக இருக்கலாம். ஓடும் வண்டியிலிருந்து பார்க்கும்போது அருகிலுள்ள முந்திரித் தோப்பு பின்னோக்கி ஓடுவதைக் கண்டோர்க்கு இத்தோற்றப்பிழை புதிதன்று.

மூன்றாவது காரணமே வலிமையானது. இரு வானூர்திகளின் கருவிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒன்று 'நான் ஏறுகிறேன்' என அறிவித்தால் மற்றது இறங்கும் ஆணையையே தன் விமானிக்குத் தரும். இஃது ஓர் உடன்படிக்கை. விமானி ஐந்து வினாடிக்குள் இணங்குவார் என்று எண்ணியே கணக்கு போடப்படுகிறது. திரையைப் பார்த்துத் தன் மனம்போல் விலகுவோர், தாம் அறியாமலே எதிர்தரப்போடு செய்துகொண்ட உடன்படிக்கையை முறிக்கிறார்.

யூபர்லிங்கன்

அம்முறிவின் விலை 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே தெரிந்தது. ரஷ்யாவின் பாஷ்கிரியன் நிறுவனத்துத் துப்பொலெவ் 154, டிஹெச்எல் நிறுவனத்தின் போயிங் 757 சரக்கு வானூர்தி ஆகிய இரண்டும் 36,000 அடியில் ஒரே புள்ளியை நோக்கி வந்தன. இரண்டிலும் கருவி இருந்தது. இரண்டும் சரியாக வேலை செய்தன. சூரிச்சில் தனியாளாகப் பணியிலிருந்த கட்டுப்பாட்டாளர் காலந்தாழ்ந்து இடரை உணர்ந்து துப்பொலெவை இறங்கச் சொன்னார். சில வினாடிகளில் அதன் கருவி 'ஏறு' என்றது. போயிங்கின் கருவி 'இறங்கு' என்றது. போயிங் கருவிக்குப் பணிந்தது. துப்பொலெவ் மனிதக் குரலுக்குப் பணிந்தது. இரண்டும் சேர்ந்தே இறங்கின. 71 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் விடுமுறைச் சுற்றுலா சென்ற சிறார்.

இந்நிகழ்வில் திரை பற்றி ஒரு நுட்பமான செய்தி உண்டு. கட்டுப்பாட்டாளர் எதிர் வானூர்தி துப்பொலெவின் வலப்புறம் வருவதாகக் கூறினார். உண்மையில் அது இடப்புறம் வந்தது. திரையோ இடப்புறத்தைக் காட்டியது. குரல் ஒருபக்கம், படம் ஒருபக்கம். திரையில் தோன்றாத மூன்றாவது வானூர்தி ஒன்று இருக்குமோ என ஐயுறும் நிலைக்கு விமானிகள் தள்ளப்பட்டனர். திரை இருந்தும், அதைவிடக் குரல் கூடுதலாக அறியும் என்னும் நம்பிக்கையே வென்றது.

இதற்குப் பதினேழு மாதங்களுக்கு முன், 2001 ஜனவரி 31 அன்று, ஜப்பான் வானில் அந்நாட்டு நிறுவனம் ஒன்றின் இரு பெரும் வானூர்திகள் இதே வகையில் முரண்பட்ட ஆணைகளைப் பெற்றன. கட்டுப்பாட்டு அறையில் வானூர்தி எண்கள் மாறிப்போயின. ஒரு விமானி கருவியின் 'ஏறு' என்னும் ஆணையை விட்டு மனிதக் குரலின் 'இறங்கு' என்னும் ஆணையைப் பின்பற்றினார். கடைசி வினாடியில் கண்ணால் கண்டு விலகியதால் 677 பேர் உயிர்தப்பினர். ஏறத்தாழ நூறு பேர் காயமுற்றனர். அவ்வெச்சரிக்கை உரிய நேரத்தில் உலக விதியாகியிருந்தால் என்று எண்ணாமலிருக்க இயலவில்லை. யூபர்லிங்கனுக்குப் பின்னரே, கட்டுப்பாட்டாளர் மாறாகக் கூறினும் தவிர்ப்பு ஆணையையே பின்பற்ற வேண்டும் என்பது ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட்டது. கட்டுப்பாட்டாளரும் அவ்வேளையில் அவ்வானூர்தியின் பாதையை மாற்ற முயலக் கூடாது.

தென்னக வானில்

2018 ஜூலை 10 அன்று கோயம்புத்தூரிலிருந்து ஐதராபாத் சென்ற இண்டிகோ வானூர்தியும், பெங்களூரிலிருந்து கொச்சி சென்ற அதே நிறுவனத்தின் வானூர்தியும் 27,000 அடிக்கு மேலே அணுகிவந்தன. இரண்டிலுமாக 328 பயணியர். உயர வேறுபாடு 200 அடியளவுக்குக் குறைந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. இரு கருவிகளும் ஆணையிட, இரு விமானிகளும் பணிய, வானூர்திகள் விலகின. இத்தகைய நிகழ்வுகளைத் தமிழ் நாளிதழ்கள் 'நடுவானில் நேருக்கு நேர்', 'மயிரிழையில் தப்பின' என்னும் தொடர்களால் எழுதுவது வழக்கம். தப்பியது நற்பேற்றால் அன்று. வடிவமைத்தோர் எண்ணியபடி ஓர் அமைப்பு நடந்ததால் என்பது அத்தொடர்களில் மறைந்துவிடுகிறது. எனினும் கருவி ஆணையிடும் நிலை வந்தது என்றாலே அதற்கு முந்திய காவல்கள் எங்கோ தளர்ந்தன என்பதும் மெய்யே.

வெற்றுத்திரை வெற்றுவானம் அன்று

வினாவுக்கு விடை தருவோரை மட்டுமே திரை காட்டும். டிரான்ஸ்பாண்டர் இல்லாத, அல்லது அணைந்துவிட்ட வானூர்தி திரையில் இல்லை. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசில் நாட்டில் கோல் நிறுவனத்தின் போயிங் 737, லெகசி என்னும் சிறு வானூர்தியொன்றுடன் 37,000 அடியில் நேர்க்கு நேராக மோதியது. லெகசியின் டிரான்ஸ்பாண்டர் இயங்காநிலையில் இருந்தது. ஆகவே அது போயிங்கின் திரையில் தோன்றவில்லை. அதன் சொந்தக் கருவியும் செயலற்றுப் போயிற்று. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தனர். சிறு வானூர்தி தரையிறங்கிவிட்டது. போயிங்கின் பயண எண்ணும் 1907 என்பது தற்செயல்.

இன்று புதிய வானூர்திகளில் செயற்கைக்கோள் வழி அறிந்த தம் இருப்பிடத்தைத் தாமே வினாடிதோறும் ஒலிபரப்பும் முறை பரவியுள்ளது. அதனைப் பெறும் திரையில் திசைப்பிழை பெரிதும் குறைகிறது. பிற வானூர்தியின் பெயர், விரைவு ஆகியனவும் தெரிகின்றன. முன்செல்லும் வானூர்தியோடு குறித்த இடைவெளியைக் காத்துச் செல்ல இது துணைபுரிகிறது. ஆயினும் இதுவும் ஒலிபரப்புவோரையே காட்டும். பட்டம், பறவை, பதிவற்ற ஆளில்லா வானூர்தி ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை. மோதலைத் தவிர்க்கும் இறுதி ஆணை இன்றும் தனிக்கருவியின் பொறுப்பிலேயே உள்ளது.

சொல்லும் பணிவும்

கலைச்சொல் பற்றித் தனியே கூற வேண்டியுள்ளது. வானூர்தி பற்றிய தமிழ்க் கட்டுரைகள் புறநானூற்றின் 27ஆம் பாடலில் தொடங்குவது மரபாகிவிட்டது. ஓட்டுநர் செலுத்தாத வானவூர்தியை அங்கு உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியுள்ளார் என்பது உண்மை. அப்பாடல் பேசுவது புகழுடையோர் அடையும் மேலுலகப் பேற்றை; பொறியியலை அன்று. நமக்குக் கிடைத்தது ஒரு நல்ல சொல். அதுவே போதுமான கொடை.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஆங்கிலத்தில் இருவகை அறிவிப்புகளுக்கும் 'அட்வைசரி' என்னும் ஒரே சொல் வழங்குகிறது. அகராதியைப் பின்பற்றித் தமிழில் 'அறிவுரை' என்றால் 'போக்குவரத்து அறிவுரை', 'தீர்வு அறிவுரை' என அமையும். அறிவுரை என்பது கேட்போர் ஏற்கவும் மறுக்கவும் உரிமையுடையது. யூபர்லிங்கனுக்குப் பின் இரண்டாவது அறிவிப்புக்கு அவ்வுரிமை கிடையாது. மூலமொழியின் பழைய பெயர் இன்றைய விதியோடு பொருந்தவில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அப்பொருந்தாமையும் உடன்வரும். இக்கட்டுரை முதலாவதை 'அறிவிப்பு' எனவும் இரண்டாவதை 'ஆணை' எனவும் வழங்கியது இதனாலேயே. சுருக்கப்பெயரைப் பெயர்க்காமல் விடுவதிலும் இடர் உண்டு. இந்திய இரயில்வே உருவாக்கிய தொடர்வண்டி மோதல் தவிர்ப்பு அமைப்பும் முதலில் டிகாஸ் என்றே அழைக்கப்பட்டு, பின்னர்க் கவச் எனப் பெயர் பெற்றது. பெயர் ஒத்தாலும் செயல் ஒவ்வாது: கவச், ஓட்டுநர் தவறினால் தானே தடையை இடும், வானூர்திக் கருவி பெரும்பாலும் விமானியின் கையையே நம்பியிருக்கிறது. ஏர்பஸ் நிறுவனத்தின் சில வகைகளில் மட்டும் தானியங்கி விமானி அவ்வாணையை நேரே நிறைவேற்றும்.

சொல் தவறினால் நேர்வது ஏட்டளவில் நிற்பதில்லை என்பதற்குக் கருவியே சான்று. ஏறுவிகிதத்தையோ இறங்குவிகிதத்தையோ குறைக்க வேண்டிய நிலையில் பழைய பதிப்பின் ஆங்கிலக் குரல் 'செங்குத்து விரைவைச் சரிசெய்க' என்று கூறியது. குறைக்கவா, கூட்டவா என்று அக்குரல் சொல்லவில்லை. விமானிகள் சிலர் கூட்டினர். விலக வேண்டியோர் நெருங்கினர். 7.1 என்னும் பதிப்பில் அச்சொற்கள் நீக்கப்பட்டு, 'மட்டமாகப் பற' என்னும் பொருள்படும் இரு சிறு சொற்கள் இருமுறை ஒலிக்குமாறு அமைக்கப்பட்டன. யூபர்லிங்கனில் நிகழ்ந்தது போல் ஒருவர் ஆணைக்கு மாறாகச் செல்லும்போது மற்றவரின் ஆணையை விரைந்து திருப்பும் கணக்குமுறையும் அதே பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது.